போகியன்று பதிவேட்டில் ஏறிய நீலப் பை

1. மைக் ஆனில் இருந்தது

போகியன்று சாயங்காலம் ஏழரை மணி. எங்கள் மியூசியத்தின் நடுக்கூடத்தில் மைக்கும் கையுமாக நின்றிருந்தேன். ஒரு பெண் நேராக என்னிடம் வந்து, "சார், என் பை எங்க?" என்று கேட்டார். மைக் ஆனில் இருந்ததால் கூடத்தில் இருந்த அறுபது பேருக்கும் அந்தக் கேள்வி கேட்டது. நான் சொன்ன பதிலும் கேட்டது.

"பத்திரமா இருக்கும்மா."

அது பொய்யில்லை. எவ்வளவு பத்திரம் என்பதுதான் எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தில் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். சாதனையாக இருந்தால் நல்லது என்றார்கள். சாதனைகளை எழுதினால் பக்கம் நிரம்பாது. தவறுகளில் கையிருப்பு ஜாஸ்தி. அதனால் அந்தப் பக்கமிருந்தே ஒன்றை எடுக்கிறேன்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, ஹைவேயை ஒட்டிய ஒரு பழைய தோல் கிடங்குதான் எங்கள் மியூசியம். கிடங்கை வைத்திருந்த குடும்பம் டிரஸ்ட் அமைத்து, தோல் பதனிடும் கருவிகள், ஷூ செய்யும் மரக்கால் அச்சுகள், பழைய தராசுகள் என்று சேர்த்து வைத்திருக்கிறது. நான் க்யூரேட்டர். எங்கள் பக்கத்து வயசானவர்கள் மியூசியத்தை இன்னும் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை பாங்க் மேனேஜரிடம் என்னை, "இவுரு செத்த காலேஜ்ல பெரிய ஆபீசர்" என்று ஒருவர் அறிமுகப்படுத்தினார். மேனேஜர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். லோன் தரவில்லை.

2. ஒரே நாளில் இரண்டு யோசனைகள்

எனக்கு வருஷத்துக்கு ஒரு யோசனை வரும். மியூசியம் அதைத் தாங்கிக்கொள்ளும். அந்த வருஷம் இரண்டு வந்துவிட்டன.

முதல் யோசனை: போகிக்கு ஊரே பழைய சாமான்களைக் கொளுத்துகிறதே, அதை எங்களிடம் கொடுக்கச் சொன்னால் என்ன? 'எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள்' என்று பேனர் அடித்து, வாசலில் ஒரு மேஜை போட்டேன்.

இரண்டாவது யோசனை: வேலூரில் வீடில்லாத குடும்பங்களுக்கான தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் குடிசை இழந்தவர்கள், வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்தவர்கள், பஸ் ஸ்டாண்டு ஓரத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். பொங்கல் சமயத்தில் ஊரெல்லாம் வாசலில் கோலம் போடும்போது வாசலே இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? அவர்களைக் குடும்பத்தோடு அழைத்து, ஒரு சாயங்காலம் மியூசியத்தை அவர்களுக்கு மட்டும் திறந்து வைப்பது. பிரியாணி, சர்க்கரைப் பொங்கல், பிள்ளைகளுக்குக் கைவேலை. விடுதிப் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன். "வேன்ல கூட்டியாறேன் சார். ஆனா எட்டு மணிக்கு வேன் கெளம்பிடும். டிரைவர் சோளிங்கர் போவணும்" என்றார்.

இரண்டு யோசனைகளும் நல்லவை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாசலில், மூன்றே சிப்பந்திகளோடு நடத்தியதுதான் என் பங்களிப்பு.

மூன்று பேரில் ஒருவன் நான். இன்னொருவர் வாட்ச்மேன். மூன்றாவது ஆள்தான் இந்தக் கதைக்கு முக்கியம்: ஸ்டோர் கீப்பர் அன்வர் பாய். முப்பது வருஷம் ஒரு டேனரியில் கோடவுன் பார்த்தவர். தோல் கோடவுனில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து இறங்கும் சரக்கு தரையைத் தொடுவதற்கு முன்னால் அதற்கு லாட் நம்பர் போட்டாக வேண்டும். நம்பர் இல்லாத தோல் சாயங்காலத்துக்குள் அடுத்தவன் தோலாகிவிடும். அந்தப் பழக்கத்தோடு எங்களிடம் வந்த பாய்க்கு, மியூசியத்தின் வரவுப் பதிவேடு பிறந்த வீடு மாதிரி இருந்தது.

ஆரம்பத்தில் அவர் நிறையக் கேள்வி கேட்பார். "சார், இது ஒடஞ்ச லைட்டு. இத்தப் போயி எழுதணுமா?" ஒருநாள் எனக்குப் பொறுமை போய், ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். இன்றைய சாதாரணப் பொருள்தான் நாளைய வரலாறு, எது முக்கியம் என்று தீர்மானிப்பது நம் வேலையில்லை, மேஜைக்கு வந்ததை எழுத வேண்டியதுதான் என்று. பாய் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை. என் சொற்பொழிவை மனதில் வாங்கிக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். அதற்கான தண்டனையும் எனக்குக் கிடைத்தது.

3. பைகளை வெளியே வைக்கவும்

ஐந்தரை மணிக்கு வேன் எல்லோரையும் நெருக்கியடித்து ஏற்றிவந்து இறக்கியது. பதினாறு குடும்பங்கள். எல்லோரும் தலைவாரி, இருப்பதில் நல்லதை உடுத்தி வந்திருந்தார்கள். கூடவே ஆளுக்கு ஒரு பை, இரண்டு பை, மூட்டை.

எல்லா மியூசியத்திலும் போல எங்கள் வாசலிலும் ஒரு பலகை: 'பைகளை வெளியே வைக்கவும்.' வாட்ச்மேன் கடமை தவறாதவர். பலகையைத் தட்டிக் காட்டினார். வரிசை நின்றது. யாரும் பையைக் கீழே வைக்கவில்லை. யாரும் சண்டை போடவுமில்லை. சும்மா நின்றார்கள்.

நான் போய் விளக்கினேன். கண்ணாடிப் பெட்டிகளில் இடிபடும், சின்ன இடம், எல்லோருக்கும் பொதுவான விதி. இரண்டு கலெக்டர்கள்கூட பையை வைத்துவிட்டுத்தான் போனார்கள் என்றேன்.

வரிசையின் முதல் ஆளாக நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயர் லோகநாயகி. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற மெஷின் ஆப்பரேட்டர். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஏரிக்கரையில் இருந்த வீடு மட்டும் இல்லை. தோளில் ஒரு நீல ரெக்சின் பை.

"கலெக்டரு பைய வெச்சாரு. சரி சார். அவுரு வூட்டையும் உங்க டேபிள்ள வெச்சாரா?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவருடைய பெரிய மகள் யாழினி, ஒன்பதாம் வகுப்பு, கிரில் கேட் வழியாக உள்ளே எரிந்த சீரியல் பல்புகளைப் பார்த்தபடி, "குடுத்துட்டு வாம்மா, பிளீஸ்" என்றாள். லோகநாயகி என்னிடம் திரும்பி, "அதுல எங்க பேப்பருங்க இருக்குது. யாரு பொறுப்பு?" என்றார்.

"நான் பொறுப்பு."

அந்த இரண்டு சொற்களை நான் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பையைக் கொடுத்தார். வாட்ச்மேன் வாங்கி, இடமில்லாததால் போகி மேஜையின் ஓரத்தில் வைத்தார். மற்றவர்கள் அப்போதும் அசையவில்லை. ஸ்டெல்லா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் நான் பலகையைக் கழற்றிவிட்டு, "பையோடயே வாங்க" என்றேன். பதினைந்து குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு உள்ளே போயின. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

என்னை நம்பிய ஒரே ஆளின் பை மட்டும் வெளியே நின்றது. பலகையைக் கழற்றினவன் அந்தப் பையை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பிரியாணி டேக்சா வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் பிரியாணி வரும்போது மனிதன் வேறு எதையும் யோசிப்பதில்லை.

4. பூட்டு எங்கே?

கைவேலையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு தோல் துண்டில் தங்கள் பெயரை அச்சுக்குத்தி எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. என்ன செய்யலாம் என்று இரண்டு வாரம் யோசித்து நான் தேர்ந்தெடுத்தது: சாவிக்கொத்து.

வீடில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாவிக்கொத்து. ஒரு முதுகலைப் பட்டமும் இருபத்திரண்டு வருஷ அனுபவமும் சேர்ந்து செய்த தேர்வு இது.

நான் மைக்கில் கம்பீரமாக அறிவித்ததும், கூட்டத்தில் ஒருவர், "சாவிக்கொத்து குடுக்குறீங்க, ரொம்ப சந்தோசம். பூட்டு அடுத்த பொங்கலுக்கா சார்?" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எல்லோரும் என்னோடு சகஜமாகிவிட்டார்கள். அசடு வழிவதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது.

பிள்ளைகள் சுத்தியலைத் தட்டிய தட்டலில் பழைய தராசுகள் ஆடின. ஒரு அம்மா மரக்கால் அச்சைக் கையில் எடுத்து, "இது செவன் நம்பர் சைஸு, லேடீஸ்" என்றார். லேபிளில் நான் ஆறு என்று போட்டிருந்தேன். அளந்து பார்த்தேன். ஏழுதான்.

இதற்கு நடுவே வாசலுக்குப் போனேன். போகி மேஜை நிரம்பி வழிந்தது. பழைய டிரங்குப் பெட்டி, ரேடியோ, அறுந்த செருப்புகள், பைகள். அன்வர் பாய் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். "மேஜையில இருக்கிறதை எல்லாம் ஏத்தி, ஸ்டோர்ல வச்சிப் பூட்டிடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, பிரியாணிக்குத் தால்ச்சா போதுமா என்று பார்க்க ஓடினேன்.

எல்லாம் என்றால் பாய்க்கு எல்லாம்தான்.

5. வரிசை எண் 412

ஏழரை மணிக்கு மைக் சம்பவம். மேஜை காலி. லோகநாயகியின் முகம் மாறிவிட்டது.

"சார், பொங்கல் லீவு முடிஞ்சி ஆபீஸ் தெறக்குற மொத நாளு எனக்கு வெரிபிகேசன். ஹவுசிங் போர்டு குலுக்கல்ல வூடு வுழுந்திருக்கு. கதவு நம்பர் போட்ட சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, கம்பெனி லெட்டர், எல்லாம் ஒரிஜினல் அதுல இருக்குது. ஒரிஜினல் இல்லன்னா வெயிட்டிங் லிஸ்டு. மூணு வருசமா அந்த லிஸ்டுலதான் சார் இருந்தேன்."

நான் ஸ்டோருக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்னால் ஓடினார். பின்னால் யாழினி, அவளுக்குப் பின்னால் ஸ்டெல்லா மேடம்.

அன்வர் பாய் அப்போதுதான் ஸ்டோரைப் பூட்டியிருந்தார். அது இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி என்னிடம். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும், ஆனால் இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும்.

"பாய், நீலப் பை ஒண்ணு..."

"ஏத்தியாச்சு சார்." பதிவேட்டைப் பிரித்து வாசித்தார். "நானூத்திப் பன்னெண்டு. தோள் பை, ரெக்சின், நீலம், ஜிப் பழுது, வார் கையால தைச்சிருக்கு, தையல் சுத்தம். பன்னெண்டுல ஒண்ணு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ரெண்டு, சின்னப் பொண்ணு கவுனு, மடிச்சது. மூணு, பிளாஸ்டிக் பைலு, பட்டன் போட்டது. உள்ள காயிதங்க. படிக்கல."

"ஏன் பாய் படிக்கல?"

"பிறத்தியார் காயிதம் சார். நம்பர் போடலாம். படிக்கிறது தப்பு."

"ஐயோ பாய், அது இந்தம்மாவோட பை! சாயங்காலம் வரைக்கும் தோள்ல இருந்தது!"

பாய் லோகநாயகியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அல்லா. மாப் கரோ அம்மா, மன்னிச்சிடுங்க" என்றார். அப்புறம் பதிவேட்டைப் பார்த்தார். "ஆனா சார்... எண்ட்ரி போட்டாச்சே."

வெளி ஆட்களுக்கு இது விளங்காது. மியூசியத்தில் ஒரு பொருள் உள்ளே வருவது சுலபம். வரவுப் பதிவேட்டில் ஏறிவிட்டால் வெளியே போவதற்கு டிரஸ்ட் கமிட்டியின் தீர்மானம் வேண்டும். கமிட்டி கூடுவதற்கு ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேரும் ஒரே ஊரில் இருந்ததை நான் பார்த்ததில்லை.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு சார்."

"அப்ப அடிச்சிடுங்க."

பாய் சுவரைக் காட்டினார். 'பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.' கீழே என் கையெழுத்து, முத்திரையோடு.

"இன்னா பாய் பேஜார் பண்றீங்க?" என்று லோகநாயகி கத்தினார். "என் பைய நான் எடுத்துக்கினு போறதுக்கு எவன் தீர்மானம் போடணும்?"

"அம்மா, உங்க பைதான், ஒத்துக்கறேன். ஆனா எண்ட்ரி இருந்து பொருள் இல்லன்னா அதுக்குத் திருட்டுன்னு பேரு. முப்பது வருசம் கோடவுன்ல இருந்தேன். ஒரு தோலுகூட கம்மியா வந்ததில்ல. நாளைக்கு ஆடிட்ல நானூத்திப் பன்னெண்டு எங்கன்னு கேட்டா, சார் பேசிப்பாரு. நான் இன்னா பேசறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. லோகநாயகி சொன்னதிலும் தப்பில்லை. தப்பு முழுக்க நடுவில் நின்றுகொண்டிருந்தது, கழுத்தில் அடையாள அட்டையோடு.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "சார், எட்டாவப் போவுது" என்றார் ஸ்டெல்லா மேடம். "இவங்க இல்லாம நான் போவ முடியாது. டிரைவர் நிக்க மாட்டாரு."

நான் என் சாவியை எடுத்து என் பூட்டைத் திறந்தேன். "பாய், உங்க சாவியைக் குடுங்க. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆடிட்ல நான் திருடன்னு இருக்கட்டும்."

பாய் சாவியைக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "சார், போன மாசம் ஒரு காலேஜுக்கு மரத் தராசு அனுப்புனோமே, அது எப்படிப் போச்சு?" என்றார்.

"அது எக்சிபிஷனுக்கு. இரவல்."

"இரவலுக்குக் கமிட்டி வேணுமா?"

வேண்டாம். க்யூரேட்டரின் கையெழுத்தே போதும். இருபத்திரண்டு வருஷ அனுபவத்துக்குத் தோன்றாதது கோடவுன் அனுபவத்துக்குத் தோன்றியது. சொந்தக்காரருக்கு அவர் பொருளையே இரவல் கொடுப்பது! உலகத்தில் எந்த மியூசியமாவது செய்திருக்குமா தெரியாது. நாங்கள் செய்தோம்.

6. முகவரி

பாய் இரவல் படிவத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவசரம் என்பதற்காகக் கையெழுத்து கிறுக்கலாகிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை.

"பேரு?"

"லோகநாயகி."

"எதுக்காக எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆபீசருக்குக் காட்டறதுக்கு."

பாய் யோசித்துவிட்டு, 'காட்சிக்கு வைக்க' என்று எழுதினார்.

"முகவரி?"

ஸ்டெல்லா மேடம், "விடுதி அட்ரஸ் போட்டுக்கோங்க பாய்" என்றார். பாய் தயங்கினார். படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: இரவல் வாங்குபவரின் நிரந்தர முகவரி மட்டும். அதுவும் நான் எழுதியதுதான். என் எழுத்து அன்று எல்லாச் சுவரிலிருந்தும் என்னை முறைத்தது.

மியூசியம் முகவரியையே போட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் லோகநாயகி நிமிர்ந்தார்.

"எழுதிக்க பாய். எப் பிளாக், மூணாவது மாடி, கதவு நம்பர் பதினொண்ணு."

பாய் பேனாவை நிறுத்தினார். "அங்க இருக்கீங்களாம்மா?"

"இருக்கப் போறேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மனிதர் குனிந்து, ஒரு அடித்தல் இல்லாமல், எப் பிளாக், மூன்றாவது மாடி, கதவு எண் பதினொன்று என்று எழுதினார். பிறகு நிபந்தனைகளை வாசித்துக் காட்டினார். படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது அவர் வழக்கத்தில் இல்லை. "பொருளை வெயிலில் வைக்கக் கூடாது. மழையில் நனைய விடக் கூடாது. தரையில் நேரடியாக வைக்கக் கூடாது."

"அப்படியெல்லாம் வெக்கக் கூடாதுன்னுதான் பாய் இந்தப் பேப்பரத் தூக்கிக்கினு அலையறேன்" என்றார் லோகநாயகி. கையெழுத்துப் போட்டார்.

பாய் தன் பூட்டையும் திறந்தார். இரண்டு கையாலும் பையை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடியில் சின்னதாக வெள்ளை மையில் 412. டிபன் பாக்ஸின் அடியில் 412/1. பிளாஸ்டிக் பைலின் ஓரத்தில் மட்டும், அழிக்கிற மாதிரி, பென்சிலில். லோகநாயகி அங்கேயே உட்கார்ந்து பட்டனைத் திறந்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். எல்லாம் இருந்தது. எழுந்து, "தையல் சுத்தம்னு எழுதியிருந்தீங்களே பாய், அது நான் தைச்சது" என்றார். பாய், "தெரிஞ்சிது அம்மா. கம்பெனி கை" என்றார்.

வேன் எட்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கிளம்பியது. டிரைவர் என்னைத் திட்டினார். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன்.

7. தீர்மானம்

பொங்கல் கழிந்ததும் கமிட்டிக்கு விளக்கக் குறிப்பு எழுதினேன். 412 முதல் 412/3 வரை தவறுதலாகப் பதிவானது, உரியவரிடம் இருக்கிறது, நீக்கத் தீர்மானம் வேண்டும். மாசியில் கூட்டம் இல்லை. பங்குனியில் ஒருவருக்கு முதுகு வலி. சித்திரையில் கல்யாணங்கள். ஆடியில்தான் ஐந்து பேர் சேர்ந்தார்கள். தலைவர் என் குறிப்பைப் படித்துவிட்டு, "ஒரு லேடியோட சொந்தப் பையை அவங்களுக்கே லோன் குடுத்திருக்கீங்களா? படிச்சவங்கதானே நீங்க?" என்றார். சான்றிதழ்படி ஆமாம் என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தின் நகலை இரவல் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், ஒப்புகை அட்டையோடு. அன்வர் பாய் படிவத்தைப் பார்த்து உறைமேல் முகவரி எழுதினார். தபால் போனது. எனக்குள் கொஞ்சம் பயம். அந்த ஆபீசர் ஒத்துக்கொண்டாரா, வேறு பேப்பர் கேட்டாரா, ஒன்றும் தெரியாது. விடுதிக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று தபால் திரும்பி வருவதை, வருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வாசலில் ஒருவரிடமிருந்து எதையாவது வாங்கி வைக்கச் சொல்கிற விதி இருந்தால், அது யாருடைய வசதிக்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விதியை விலக்கினால் முதலில் கீழ்ப்படிந்தவரிடம் போய்ச் சொல்லுங்கள், அடம்பிடித்தவரிடம் அப்புறம் சொல்லலாம். ஸ்டோர் கீப்பரிடம் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் அவரிடம் யோசனை கேளுங்கள்.

தபால் திரும்பவில்லை. பதினோராம் நாள் ஒப்புகை அட்டை மட்டும் வந்தது. கையெழுத்து லோகநாயகியுடையது அல்ல. பெற்றுக்கொண்டவர்: யாழினி. உறவு: மகள். கீழே, தபால்காரர் கேட்டாரோ, அவளாகவே எழுதினாளோ, பள்ளிக்கூட உருண்டைக் கையெழுத்தில் ஒரு வரி:

'அம்மா ஷிப்டுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வீட்டில் இருப்பார்.'